மேற்கு வெயிலுக்கு எந்த ஜன்னல்? புதுச்சேரி, கடலூர் வீடுகளில் பழைய ஜன்னலை மாற்றும் முறை

கடைக்குப் போய் "சூடு இறங்காத ஜன்னல் வேணும்" என்றால் முதலில் இரட்டைக் கண்ணாடியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நம் கடற்கரை ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது அதை அல்ல. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்.

நாலுக்கு நாலு அடி ஜன்னல். சட்டம் போகக் கண்ணாடி சுமார் 1.2 சதுர மீட்டர். மே மாதம் மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் 85 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அதாவது 510 வாட். வெளியே 36 டிகிரி, ஏசி அறைக்குள் 27 டிகிரி என்றால், அந்த வித்தியாசத்தால் கண்ணாடி வழியே வரும் சூடு வெறும் 60 வாட்தான். பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி 60-ஐ 30 ஆக்கும், 510-ஐ 450 ஆக்கும். வெயிலைத் தடுக்கும் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடியோ 510-ஐ 240-க்கு இறக்கிவிடும். இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

படி 1: எதை மாற்றுவது?

எல்லா ஜன்னலையும் மாற்றத் தேவையில்லை. ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஜன்னலும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேற்கும் தென்மேற்கும்தான் முதல் எதிரி. வாஸ்து பார்த்துக் கன்னி மூலையில் படுக்கையறை வைத்த வீடுகளில், ராத்திரி படுக்கப் போகும் அறைதான் மாலை முழுக்க வெந்துகொண்டிருக்கும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழுந்தாலும், மதியத்துக்கு மேல் கடற்காற்று வருவது அந்தப் பக்கம்தான். அதை அடைத்துவிடாதீர்கள். வடக்கும் தெற்கும் கடைசியில்.

படி 2: கண்ணாடிக்கு முன்னால் நிழல்

ஜூன் மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே, கிட்டத்தட்ட 78 டிகிரி உயரத்தில் நிற்கும். வடக்கு ஜன்னலை ஒட்டி மேலே ஒரு அடி சன்ஷேட் இருந்தாலே நாலடி ஜன்னல் முழுக்க நிழலாகிவிடும். மேற்கில் இந்த வித்தை பலிக்காது. மே மாதம் 4 மணிக்குச் சூரியன் 34 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டடி சன்ஷேட் இருந்தாலும் மேலே ஒண்ணேகால் அடிதான் நிழல். 5 மணிக்கு முக்கால் அடிகூட இல்லை.

அதனால் மேற்கில் நேர் எதிரே மறைப்பு வேண்டும். புதுச்சேரி வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே சரிவுப் பலகை வைத்த மரக்கதவு இருப்பது சும்மா அழகுக்காக இல்லை. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நின்றுவிடுகிறது, காற்று இடுக்கு வழியே நுழைகிறது. அதற்கு வசதியில்லை என்றால் வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி. உள்ளே தொங்கும் திரைச்சீலை பாதி வேலையைக்கூடச் செய்யாது, சூடுதான் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டதே.

படி 3: கண்ணாடியில் கேட்க வேண்டிய எண்கள்

எஸ்எச்ஜிசி: விழும் வெயிலில் எவ்வளவு பங்கு சூடாக உள்ளே வருகிறது என்பது. மேற்குக்கு 0.40 அல்லது அதற்குக் கீழே கேளுங்கள்.

விஎல்டி: எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது. 0.27-க்குக் கீழே போகாதீர்கள். எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்காக வெளியிட்ட விதித்தொகுப்பான 2018-ஆம் ஆண்டு ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும், சாதாரண அளவு ஜன்னல் உள்ள வீடுகளுக்கு இதைத்தான் குறைந்தபட்சமாக வைக்கிறது. அதற்கும் கீழே போனால் பகலிலேயே லைட் போட வேண்டிவரும்.

யு-வேல்யூ: உள்ளே வெளியே வெப்ப வித்தியாசத்தால் கண்ணாடி எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்பது, மேலே பார்த்த 60 வாட் கணக்கு. பகல் முழுக்க ஏசி ஓடும் அறைக்கு மட்டும் யோசித்தால் போதும்.

கடையில் ஹாலஜன் விளக்கை எரியவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். அந்த விளக்கின் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பு. வெயிலிலோ அது பாதியளவுதான். "ஐஆர் (அகச்சிவப்பு) 90 சதவீதம் தடுக்கும்" என்ற விளம்பரமும் இதே ரகம். கண்ணாடியின் விவரத்தாளில் எஸ்எச்ஜிசி என்ன என்று மட்டும் கேளுங்கள்.

பூச்சில் இரண்டு வகை. கடினப் பூச்சை ஒற்றைக் கண்ணாடியில் போடலாம், பூச்சுள்ள முகம் பொதுவாக அறைப் பக்கம் இருக்க வேண்டும். மென்பூச்சு காற்றும் ஈரமும் பட்டால் கெட்டுவிடும், இரட்டைக் கண்ணாடிக்குள் மூடித்தான் வைக்க வேண்டும். வெறும் வண்ணக் கண்ணாடி என்றால் சூட்டைத் தானே வாங்கிக்கொண்டு, பிறகு ஒரு பங்கை உள்ளே அனுப்பும். பாதி வெயிலிலும் பாதி சன்ஷேட் நிழலிலும் நின்றால் ஓரத்திலிருந்து விரிசல் விடலாம். ஆகவே வண்ணமோ பூச்சோ எதுவானாலும் டஃபன்டு செய்து (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கி) வாங்குங்கள்.

பழைய மரக்கதவு நன்றாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், செலவு குறைவான வழி அதுதான். எடையைப் பாருங்கள்: ஒரு மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 4 மி.மீ. இருந்த இடத்தில் 6 மி.மீ. போட்டால் 10 கிலோ 15 ஆகும். கீல் துருப்பிடித்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

படி 4: திறக்கும் விதம்

இரண்டு கதவு ஸ்லைடிங் எப்போதும் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னலில் காற்றுக்குக் கிடைப்பது 8. அதே சம்ஹிதா, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நம் பகுதிக்கு, திறக்கும் பரப்பு மொத்தம் தரைப்பரப்பில் 16.66 சதவீதம் இருக்கச் சொல்கிறது. ஜன்னல், வென்டிலேட்டர், பால்கனிக் கதவு எல்லாம் சேர்த்து ஆறில் ஒரு பங்கு. கிழக்கில் ஸ்லைடிங் வேண்டாம். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே கொசுவலை என்று போடுங்கள். கிரில் ஏற்கெனவே வெளியே இருந்தால் கதவு இடிக்கும், ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 5: சட்டம்

தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரிக் கடலோரத்தில் உப்பு முதலில் தின்பது சட்டத்தை அல்ல, திருகையும் கீலையும்தான். கடல் பக்கம் 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) சட்டம் என்றால் உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய் செருகியிருக்கிறதா என்று வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. இரும்பில்லாத அகல ஜன்னல் அப்படிப்பட்ட காற்றில் வளையும்.

படி 6: அளவெடுத்தல்

அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோல் மூன்று இடத்திலும் எடுங்கள். இருப்பதில் சின்ன அளவுதான் கணக்கு. அதிலிருந்து 10 மி.மீ. கழியுங்கள், பக்கத்துக்கு 5 மி.மீ. இடைவெளி. மூலைக்கு மூலை இரண்டு அளவும் 6 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டால் கொத்தனாரை விட்டுத் திறப்பை நேராக்கிவிட்டு மறுபடி எடுங்கள். டஃபன்டு கண்ணாடியைப் பிறகு ஒரு மி.மீ.கூட வெட்ட முடியாது, தூளாகிவிடும்.

படி 7: பொருத்துதல்

மூலையிலிருந்து 15 செ.மீ. தள்ளி முதல் திருகு, பிறகு 60 செ.மீ.-க்கு ஒன்று. ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகே இறுக்க வேண்டும். இடைவெளியில் பியு ஃபோம் (உப்பி நிரப்பும் நுரை), வெளியே சிலிகான். வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம், அதன் அமிலம் உலோகத்தையும் சிமெண்ட்டையும் அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள். கீழ்த் திண்ணை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

ஸ்லைடிங் தடத்தின் வெளிமுகத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். "ஓட்டை இருக்கே" என்று சிலிகான் வைத்து அடைத்துவிடுபவர்கள் உண்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் கட்டிலுக்கு வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். கூலி கொடுக்கும் முன் தடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எல்லாம் வெளியே வடிய வேண்டும். சட்டத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பையும் அன்றைக்கே உரித்துவிடுங்கள். மேற்கு வெயிலில் சில மாதம் விட்டுவைத்தால் பசை இறுகி, நகத்தால் சுரண்டினாலும் வராது.