100 மெகாபிட் இணைப்பில் 12 ஓடினால் சரிதான்

பிராட்பேண்ட் விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். கோப்பைப் பதிவிறக்கினால் திரையில் 11, 12 என்றுதான் ஓடும். உடனே வாடிக்கையாளர் சேவையை அழைத்துச் சண்டை போட வேண்டாம். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். பதிவிறக்கம் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டால் வகுத்தால் 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். அந்தக் கணக்கில் 2 ஜிபி கோப்பு இறங்க 2 நிமிடம் 40 நொடி. தரவோடு முகவரி போன்ற துணைத் தகவல்களும் பயணிப்பதால் நடைமுறையில் சற்றுக் கூடுதலாகும். மனக்கணக்குக்கு நான் பத்தால் வகுத்துவிடுவேன். அந்தக் கழிவும் அதில் அடங்கிவிடும்.

அடுத்த குழப்பம், ஆயிரமா, 1024ஆ என்பது. தொலைத்தொடர்பு வேகத்தில் 1000தான்: ஒரு மெகாபிட் என்றால் 1000 கிலோபிட். விண்டோஸ் கோப்பின் அளவை 1024 வைத்துக் கணக்கிடுகிறது.

தொலைபேசி நிறுவனங்களின் பழைய டிஜிட்டல் இணைப்பான இ1-ஐப் பேச்சுவழக்கில் '2 எம்பி லைன்' என்பார்கள். அதில் 64 கிலோபிட் தடங்கள் 32, மொத்தம் 2.048 மெகாபிட். பைட்டுக்கு மாற்றினால் நொடிக்கு வெறும் 256 கிலோபைட். அதிலும் ஒரு தடம், இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்குவதற்கான ஒத்திசைவுக்கே போய்விடும்.