காப்பகத்தில் இருப்பவருக்காகப் பேசப் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதியோர் இல்லமோ, மாற்றுத்திறனாளிகள் காப்பகமோ, மனநலப் பராமரிப்பு இல்லமோ, அங்கே கேட்க நாதியில்லாமல் கிடப்பவர்களுக்காகப் பேச வேண்டும் என்ற மனசு நிறைய பேருக்கு இருக்கிறது. ஆனால் போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு மணி நேரம் பேச்சுத்துணையாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். பேச்சுத்துணையும் நல்லதுதான், ஆனால் இது வேறு வேலை. வக்கீல் வேலை இல்லை, நர்ஸ் வேலை இல்லை, சோதனைக்கு வரும் அதிகாரியின் வேலையும் இல்லை. அங்கே இருப்பவர் என்ன கேட்கிறாரோ அதை, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம், பதில் வரும்வரை விடாமல் கேட்பது. அவருக்கு எது நல்லது என்று நமக்குத் தோன்றுவதைக் கேட்பது அல்ல. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

தனி ஆளாகப் போகாதீர்கள். பயிற்சி கொடுத்து, உங்கள் பின்னணியை விசாரித்து, சிக்கல் வந்தால் கூட நிற்கும் அமைப்பு ஒன்றில் சேர்ந்து போங்கள். அமெரிக்காவில் 1972இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1978இல் எல்லா மாநிலங்களிலும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமாக்கிய ‘ஆம்புட்ஸ்மன்’ என்ற குறைகேட்புத் திட்டம் இப்படித்தான் நடக்கிறது, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இல்லங்களுக்குப் போய்க் குறைகளைக் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இல்லையென்றால் முதியோர் நலனுக்கோ மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கோ வேலை செய்யும் ஏதாவது ஒரு குழுவோடு சேருங்கள், இல்லத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். புகார் யாருக்குப் போக வேண்டும், அந்த இல்லத்துக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகம் எது என்பதையெல்லாம் முதல் நாளுக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் நாள். வாயைத் திறப்பதற்கு முன் கண்ணைத் திறங்கள். கட்டிலில் இருப்பவரின் கைக்கு அழைப்பு மணி எட்டுகிறதா? நான் போன அறைகளில் அது பல தடவை கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சுருட்டிப் போட்டுத்தான் கிடந்தது, யாரும் வேண்டுமென்றே செய்யவில்லை, படுக்கை விரிப்பு மாற்றும்போது தூக்கிப் போட்டது அப்படியே இருந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கவாதத்தில் இடது கை விழுந்தவருக்குத் தண்ணீர் டம்ளர் எடுக்க முடியாத அந்த இடது பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறதா? காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா?

பேட்டரி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பாட்டிக்கு மறதி முற்றிவிட்டது, சொன்னால் எதுவும் புரியாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். கருவியைத் திறந்து பார்த்தால் பேட்டரி செத்துப் போயிருந்தது. புதியது போட்டதும் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம், “இத்தனை நாளா எல்லாரும் வாயை மட்டும்தானே அசைச்சீங்க” என்றார். அவரை விடிவதற்கு முன்பே எழுப்பிக் குளிக்க வைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. அவர் கேட்டதோ வேறு. ராத்திரி கதவை முழுசாகச் சாத்த வேண்டாம், ஒரு சாண் திறந்திருக்கட்டும், அவ்வளவுதான். நான் போய்ப் பேசியது கதவைப் பற்றி.

பேச்சு வராதவர்களிடமும் கேட்க முடியும். ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்துக்கு மேல் முன்னால் வைக்காதீர்கள். ஆம் என்றால் விரலை அழுத்துவது, இல்லை என்றால் கண்ணை மூடுவது என்று ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு, பதில் தெரிந்த கேள்வியை வைத்து முதலில் அது சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதே கேள்வியை வேறொரு நாள் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், பதிலின் பொருள் மாறவில்லை என்றால் நம்பிப் பேசலாம். எந்த வழியிலும் சொல்ல முடியாதவர் என்றால், எந்த ஊழியர் உள்ளே வந்தால் முகம் மலர்கிறது, எதைச் செய்யும்போது உடம்பு விறைக்கிறது என்று பார்த்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். விழுந்துவிடுவார் என்று தெரிந்தும் தனியாக நடக்கத்தான் ஆசைப்படுவார். இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவர் விவேகமில்லாத முடிவு எடுக்கிறார் என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறனே இல்லை என்று கருதக் கூடாது. எந்த நாட்டில் இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பிள்ளைகள் வந்து “அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, நாங்க சொல்றதைக் கேளுங்க” என்று சொல்லும்போது. பிள்ளைகளிடம் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் நீங்கள் வந்தது அப்பாவுக்காக.

குறையை முதலில் அந்த ஷிப்டில் இருக்கும் பொறுப்பாளரிடம் கொண்டு போங்கள், மேலே எழுதுவது அப்புறம். ஊழியர்களில் பெரும்பாலானோர் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகப் பார்ப்பவர்கள், அவர்களை எதிரியாக நினைத்துப் பேசினால் எதுவும் நகராது. “கவனிக்க மாட்டேங்கறாங்க” என்று சொல்வதைவிட, “செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மணி அடித்தார், நாலே முக்காலுக்குத்தான் ஆள் வந்தார்” என்று சொல்லிப் பாருங்கள், பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும். அதனால் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அப்படியே எழுதிவைத்து, அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் போகாமல், சாப்பாட்டு வேளை, சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றிப் போங்கள்.

“நான் சொன்னதா சொல்லிடாதீங்க” என்பார்கள். அந்தப் பயம் உண்மையானது, ஏனென்றால் நாம் கிளம்பிய பிறகு அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது அதே ஊழியர்தான். அனுமதி இல்லாமல் பெயரைச் சொல்லாதீர்கள். அதே குறை நாலைந்து அறைகளில் இருந்தால் பொதுவான பிரச்சினையாக எழுப்பலாம். இல்லையென்றால் காத்திருங்கள், திரும்பத் திரும்பப் போங்கள்.

ஆனால் ரகசியம் காப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்ல முடியாத காயம், நாற்காலியோடு கட்டி வைப்பது, மருந்து கொடுத்து எப்போதும் தூங்க வைப்பது, பணம் காணாமல் போவது, இதையெல்லாம் பார்த்தால் அன்றைக்கே உங்கள் அமைப்பின் பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் காவல்துறைக்கு. நீங்களே துப்பறிய வேண்டாம். இது எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு விதத்தில் தாங்களே மோசமாக நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தூக்கி உட்கார வைப்பது, மாத்திரை கொடுப்பது, ஊட்டிவிடுவது, பணத்தைக் கையாள்வது, காகிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, இவை எதையும் செய்யாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். அன்பளிப்பும் வேண்டாம்.

உங்களால் தொடர முடியாமல் போனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே பலர் அவரை அப்படி விட்டுப் போயிருப்பார்கள். இரண்டு மூன்று சந்திப்புகளுக்கு முன்பே சொல்லி, அடுத்து வருபவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்து, உங்கள் குறிப்பில் எதைப் புதியவரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டிலில் இருப்பவரையே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.