ஆசிட் டேங்கர் இறக்கும்போது அபாயப் பலகை: டிரைவர் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு பீன்யாவுக்கு சல்ஃப்யூரிக் ஆசிட் ஏற்றிப் போகிறீர்களா? கேட்டிலேயே வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். இரு பக்கமும் பின்புறமும் என மூன்று இடத்திலும் அவசரத் தகவல் பலகை சேறு படாமல் இருக்கிறதா, பொருளின் பெயர் 50 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, இந்த ஆசிட்டுக்கான ஐ.நா. அடையாள எண் 1830 தெரிகிறதா, அவசர ஃபோன் எண் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அபாய லேபிள் 250 மி.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது.

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

உண்மையான ஆபத்து ஹோஸ் மாட்டும் இடத்தில்தான். பலகை, கேபினிலுள்ள ட்ரெம் கார்டு (விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை), இன்வாய்ஸ், கம்பெனித் தொட்டியின் குழாய் வாயில் எழுதியிருப்பது, நான்கும் ஒரே பொருளாக இருக்க வேண்டும். ஹைப்போகுளோரைட் (பிளீச்சிங் திரவம்) தொட்டிக்குள் ஆசிட் போனால் நொடியில் குளோரின் வாயு கிளம்பும். "இதுதாண்ணா" என்று கம்பெனி ஆள் கை காட்டினால் போதாது. கன்னடத்தில் எழுதியிருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கி முடியும்வரை தார்ப்பாயோ பெட்டிக் கதவோ பலகையை மறைக்கக் கூடாது. ஆசிட் சொட்டினால் எழுத்து கரையும், ஸ்டிக்கரை உடனே மாற்றுங்கள்.

டேங்க் காலியானதும் பலகையைக் கழற்றிவிடுவது பலரிடம் இருக்கும் கெட்ட பழக்கம். அடியில் ஆசிட் மிச்சம் இருக்கும்; கழுவிச் சுத்தம் செய்த பிறகே கழற்றலாம்.