சைக்கிள் சில்லுக்குள் இரண்டு ஆர்முடுகல்

உயர்தரத்தில் பௌதிகவியல் தொடங்கிய புதிதில் நான் முழித்த இடம் இது. சில்லு ஒரே கதியில் சுற்றுகிறது, கதி கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம், எங்கிருந்து வந்தது? கணக்குப் போடுமுன் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து நிறுத்துங்கள்.

முன்சில்லின் டயரில் சோக்கால் ஒரு புள்ளி போடுங்கள். அச்சிலிருந்து புள்ளி வரை அளந்தால் அதுதான் ஆரை. என் சைக்கிளில் 35 சென்ரிமீற்றர், அதாவது 0.35 மீற்றர்.

சரி, கையால் சுற்றிவிட்டுப் போனில் வீடியோ எடுங்கள். கண்ணால் எண்ணினால் பிழைக்கும். எனக்கு 5 செக்கனில் ஏறத்தாழ 10 சுற்று வந்தது. செக்கனுக்கு 2 சுற்று. கோணத்தை அளக்கும் அலகான ஆரையனில் ஒரு சுற்று 6.28, ஆகவே கோண வேகம் செக்கனுக்கு 12.6 ஆரையன்.

இனி முக்கியமான இடம். வேகத்துக்குத் திசையும் உண்டு. புள்ளி கதியை மாற்றாவிட்டாலும் திசையை ஓயாமல் மாற்றுகிறது, அதுவே ஆர்முடுகல். அது எப்போதும் அச்சை நோக்கியே இருக்கும். பெயர் மையநாட்ட ஆர்முடுகல். கோண வேகத்தை வர்க்கித்து ஆரையால் பெருக்குங்கள்: 12.6 × 12.6 × 0.35, சுமார் 55 மீற்றர்/செக்கன்². புவியீர்ப்பு ஆர்முடுகலைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்! நான் முதலில் கல்குலேட்டரைத்தான் சந்தேகித்தேன்.

சில்லைத் தொடாமல் விடுங்கள். எனக்கு நிற்க 40 செக்கன் எடுத்தது. வேகம் சீராகக் குறைந்தது என்று வைத்தால் கோண அமர்முடுகல் (கோண வேகம் குறையும் வீதம்) 12.6 ÷ 40, அதை ஆரையால் பெருக்கினால் வெறும் 0.11 மீற்றர்/செக்கன்². இது தொடலி வழியானது, அதாவது வட்டத்தை அந்தப் புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோட்டின் வழியானது. கதியை மாற்றுவது இதுதான். இரண்டும் செங்குத்து என்பதால் நேரே கூட்டக்கூடாது, பைதகரசைக் கூப்பிடுங்கள்.

ஒரு பொறி: கம்பியின் நடுவில் இன்னொரு புள்ளி போட்டால் மையநாட்ட ஆர்முடுகல் கூடுமா, குறையுமா? கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுக்கும் சூத்திரத்தை மட்டும் பார்த்தவர் கூடும் என்பார். ஆனால் ஆரை பாதியாகும்போது கதியும் பாதியாகிறது. கோண வேகம்தான் மாறாதது. எனவே ஆர்முடுகல் பாதி.

கடைசியாக டயரில் தண்ணீர் தெளித்துச் சுற்றுங்கள், கொடியில் காயும் துணிக்குக் கிட்ட வேண்டாம். அந்த 55ஐக் கொடுக்குமளவுக்கு டயர் துளியைப் பிடித்து வைக்க முடியாது. கழன்ற துளி அந்த இடத்துத் தொடலி வழியே போகும். மாரியில் மட்காட் இல்லாமல் மட்டக்களப்பின் கல்லடிப் பாலம் தாண்டி வந்தால் சட்டை முதுகில் விழும் சேற்றுக்கோடு அப்படி வந்ததுதான்.