புத்தகம் தேடும்போது புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக நாலைந்து பேர் வருவார்கள். வரும்போது கை நிறையப் புத்தகம் இருக்கும். சித்திரை பிறப்பதற்குள் ஆளைக் காணோம். வழியில் பார்த்துக் கேட்டால், "வாங்கினது எதுவும் ஓடலைங்க" என்பார்கள். ஏன் ஓடவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் வாங்கிக் குவித்தேன். அட்டையைப் பார்த்து வாங்காதே, பத்து சதவீதத் தள்ளுபடிக்கு மயங்காதே என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அதை விடுங்கள்.

செட்டாக வாங்குவது

இதை மட்டும் இன்றைக்குப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது.

2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த சூட்டில் ஒரு தம்பி வட்டத்துக்கு வந்தார், தாராபுரம் பக்கத்துக்காரர். ஐந்து பாகத்தையும் கெட்டி அட்டையில் வாங்கியிருந்தார். சரி, போகட்டும். சரித்திரக் கதைதான் நமக்கு ஒத்துவரும் என்று அவராகவே முடிவு கட்டி, வேறு இரண்டு பேருடைய சரித்திர நாவல் வரிசையையும் மொத்தமாக அள்ளிவந்திருந்தார். ஒரு அலமாரியே புதிதாகச் செய்யவேண்டி வந்ததாம். வந்தியத்தேவனோடு கடம்பூர் மாளிகை வரைக்கும் போனவர் தஞ்சாவூர் போய்ச் சேரவேயில்லை.

அதில் கதையின் குற்றம் எதுவும் இல்லை, அவர் குற்றமும் இல்லை. அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சோடு நிற்கும். படிப்பவர் ஒரு வாரம் காத்திருப்பார் என்று தெரிந்து எழுதியது, அதனால் நிதானமாகத்தான் நகரும். தம்பியோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பத்து அத்தியாயம் முடிக்கவேண்டும், படத்தில் பார்த்த இடம் சீக்கிரம் வரவேண்டும் என்று பக்கத்தை எண்ணிக்கொண்டே படித்திருக்கிறார். தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்திருந்தால் ஒருவேளை ஓடியிருக்கும்.

இத்தனைக்கும் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிப் பல வருடம் ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால்தான் இத்தனை பதிப்பு, கண்ணைப் பிடுங்கும் பொடி எழுத்திலும் கிடைக்கிறது, சுருக்கிப் போட்டதும் கிடைக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்க 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழுசாக இலவசமாகவே இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் போனிலேயே பத்து அத்தியாயம் படித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கலாம்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை, எடைக்குப் போடாமல் யாருக்காவது கொடுத்துவிடலாம். "எனக்கெல்லாம் படிப்பு வராதுண்ணா, அலமாரியைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியா இருக்கு" என்றார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. அவரிடம் கொங்குப் பேச்சில் எழுதிய ஒரு மெல்லிய சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தேன், கதைக்குப் பத்துப் பக்கம்கூட வராது. ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே முக்கால்வாசி முடித்துவிட்டு, "இதுல வர்ற பெரியம்மா அப்படியே எங்க பெரியம்மாண்ணா" என்று போன் பண்ணினார். அவருக்குப் பிடித்தது சோழர் காலமே இல்லை. சின்னதாக இருக்கவேண்டும், ஆட்கள் நிறையப் பேசவேண்டும், அந்தப் பேச்சு காதில் விழவேண்டும். இதைச் சரித்திரம், குடும்பம், துப்பறிதல் என்று பலகை போட்ட எந்த அலமாரியும் சொல்லாது.

அதனால் ஸ்டாலில் புத்தகத்தை எடுத்தால் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள், அதை எல்லோரும் இழைத்து இழைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நடுவில் பிரித்து, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பார்த்து இரண்டு பக்கம் படியுங்கள். மூன்றாவது பக்கத்துக்குக் கை தானாகப் போனால் அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஒருவரின் இரண்டு புத்தகத்தை முடிக்காமல் அவருடைய செட்டைத் தொடவே வேண்டாம். ‘முழுத்தொகுப்பு’ என்று ஆயிரம் பக்கத்துக்கு வருவதும் இதே வகைதான். பெரும்பாலும் கால வரிசையில் அடுக்கியிருப்பார்கள், முதலில் வருவது அவர் எழுதிப் பழகிய காலத்துக் கதைகள். அதிலேயே சலித்துப்போய் மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. தேர்ந்தெடுத்த கதைகள் என்று இருந்தால் அதை எடுங்கள்.

விருது வாங்கியதா என்று பார்ப்பது

எதற்குக் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். சாகித்திய அகாதெமி விருது என்றாலே நாவல் என்று பலர் நினைக்கிறார்கள். 1955-இல் தமிழுக்கு முதன்முதலாகக் கிடைத்ததே ஒரு கட்டுரைத் தொகுப்புக்குத்தான். 2024-இல் வ.உ.சி.யையும் திருநெல்வேலி எழுச்சியையும் பற்றிய ஆய்வு நூலுக்கு. அருமையான விஷயம்தான், ஆனால் கதை கேட்டு வந்தவர் அடிக்குறிப்பைப் பார்த்து மிரண்டுபோவார்.

அணிந்துரையை முதலில் படிப்பது

வேண்டாம். பாதிப் பேர் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

நூலகத்தை மறப்பது

கிளை நூலகத்தில் அலமாரியைவிட, திரும்பி வந்த புத்தகங்கள் மேசையில் கிடக்குமே, அங்கே துழாவுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் முத்திரை அடைசலாக இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் அதை விரும்பி எடுக்கிறார்கள் என்று அர்த்தம். நம் ரசனைக்கு ஒத்துவராமலும் போகலாம், அப்போது திருப்பிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

ஒரு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு ஒரு நாட்டையே ஒதுக்குவது

"ரஷ்ய நாவல் எனக்கு ஆகாது" என்று சொன்னவரின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். மூலத்தில் கால்வாசிகூட இல்லை, சுருக்கம் என்று எங்கேயும் போடவில்லை, மொழிபெயர்த்தவர் பெயரே இல்லை. பெயர் போடாத மொழிபெயர்ப்பை நான் வாங்குவதில்லை.

"நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் கேட்கப்படுபவர் தனக்குப் பிடித்ததைச் சொல்வார், வேறென்ன செய்வார்? கடைசிவரை படித்தது இரண்டு, பாதியில் விட்டது ஒன்று, எந்த இடத்தில் விட்டீர்கள், இவ்வளவையும் சொல்லிக் கேளுங்கள். பாதியில் விட்டதைச் சொல்லப் பலருக்கும் கூச்சம், அதுவும் பேர்பெற்ற புத்தகமாக இருந்துவிட்டால் வாயே திறக்கமாட்டார்கள். எனக்கு அதுதான் முதலில் வேண்டும். வர்ணனையில் விட்டவருக்கும், ஆட்கள் பெயர் குழம்பி விட்டவருக்கும் நான் ஒரே புத்தகத்தைக் கொடுக்கமாட்டேன்.