தரங்கம்பாடியில் தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தரங்கம்பாடியைப் பலரும் வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகிற வழியில் இறங்கி, கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஊராகத்தான் வைத்திருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் உச்சி வெயிலில். டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை இருந்த ஊர் இது. 225 வருடங்களை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியாது. விடியற்காலையும் சாயங்காலமும்தான் இந்த ஊருக்கு நேரம். அதனால் ஓர் இரவாவது தங்க வேண்டும். ஆனால் இங்கே இருப்பவை சின்ன ஓட்டல்கள். சென்னையிலோ புதுச்சேரியிலோ அறை எடுக்கிற பழக்கத்தில் இங்கேயும் எடுத்தால் சிக்கல்தான்.

முதல் தவறு, நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. "வார நாள்தானே, கூட்டம் இருக்காது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பி வருகிறார்கள். கடற்கரை ஊர் என்றால் சனி, ஞாயிறுதான் நிறையும் என்பது மற்ற ஊர்களுக்குச் சரி. தரங்கம்பாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டரில் திருக்கடையூர் இருக்கிறது. அபிராமி சன்னிதியில் அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வருடம் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். ஊர்க் கல்யாணங்கள் ஆடியிலும் மார்கழியிலும் நின்றுவிடும். இது பிறந்த மாதம், பிறந்த நட்சத்திரம் பார்த்துச் செய்வது. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை நட்சத்திரம் வந்தால் செவ்வாய்க்கிழமைதான்.

அந்தக் குடும்பங்கள் தனியாக வருவதில்லை. மகன்கள், மருமகள்கள், சம்பந்தி வீட்டார், வெளிநாட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் என்று ஒரு பெரிய கூட்டம் வரும். திருக்கடையூரில் இடம் போதவில்லை என்றாலோ, வந்தவர்களுக்குக் கடலையும் காட்டலாமே என்று நினைத்தாலோ அடுத்த இடம் தரங்கம்பாடிதான். எட்டு, பத்து அறைகள் உள்ள ஓட்டலை ஒரே குடும்பம் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் போன் செய்தால், "சார், அன்னிக்கு ஃபுல்லா கல்யாண பார்ட்டி" என்ற பதில் வரும். அதனால் தேதியை முடிவு செய்துவிட்டு அறை தேடாதீர்கள். இரண்டு மூன்று தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அறை கிடைத்தாலும் இன்னொரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அன்றைக்கு விசேஷ வீட்டார் யாராவது தங்குகிறார்களா? மற்ற அறைகளெல்லாம் அவர்களுடையவை என்றால் விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே வெந்நீர், காபி, பட்டுப்புடவை, வேன் ஹாரன் என்று வீடு எழுந்துவிடும். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வாழ்க்கையில் ஒரு முறை வருகிற நாள் அது. அமைதி தேடி வருகிறவர் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்களே அந்த விசேஷத்துக்காக வருகிறீர்கள் என்றால் வேறொரு தவறைத் தவிர்க்க வேண்டும். கடல் தெரிகிற அறை வேண்டும் என்று கேட்டு அப்பா அம்மாவுக்கு மாடியில் போட்டுவிடுகிறார்கள். பழைய பங்களாக்களில் மதிற்சுவருக்கு மேல் கடல் தெரிவது மாடியிலிருந்துதான், அதனால் அந்த அறைகளுக்குத்தான் கிராக்கி. ஆனால் அங்கே ஏறும் படிகள் இந்தக் காலத்துப் படிகள் அல்ல. ஒவ்வொன்றும் உயரமாக இருக்கும், திருப்பத்தில் குறுகும், கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும். லிஃப்ட் வைக்க அந்தக் கட்டடங்களில் இடம் கிடையாது. எண்பது வயதுக்காரர் காலையில் மணையில் உட்கார்ந்து எழுந்து, கலசாபிஷேகம் முடிந்து, ஈர வேட்டியோடு திரும்பி வந்து அந்தப் படி ஏற வேண்டியிருக்கும். அவருக்குக் கீழ்த்தள அறைதான் சரி. கடலைப் பார்க்க அவர் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்துகொள்ளலாம். கழிவறை மேல்நாட்டு முறையா, வாசலில் எத்தனை படி என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது படத்தை நம்பி அறை எடுப்பது. கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய கலெக்டர் பங்களா இப்போது ஓட்டல். இணையத்தில் தரங்கம்பாடி என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்த மாதிரிப் படங்கள்தான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று வீடுகளை நடத்துகிறவர்கள் உண்டு. படத்தில் கடலோர வராந்தா இருக்கும், உங்கள் அறை இரண்டு தெரு தள்ளி இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, முன்பதிவுப் பக்கத்தில் எழுதித்தான் இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. சொல்லப்போனால் தெருவுக்குள் இருக்கும் வீடுகள் எனக்கு இன்னும் பிடிக்கும். தூண் வைத்த முகப்பு, நடுவில் முற்றம், மதியத்தில்கூடக் குளிர்ச்சியான தரை. எந்த வீடு, எந்தத் தளம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

"ஓசோன் நிறைந்த காற்று" என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். தரையோரமாக ஓசோன் அதிகம் இருந்தால் அது மூச்சுக்குக் கேடு. இங்கே நல்லது கடல் காற்றுதான், அது எல்லா அறைக்கும் ஒன்றுபோல வரும்.

பழைய கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டல்காரர்கள் மேல் வரும் புகார்களில் பாதி இதனால்தான். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு வெளியே பூத்து, சாந்தைப் பொடிப்பொடியாகத் தள்ளும். காலையில் கட்டிலை ஒட்டித் தரையில் வெள்ளைத் தூள் கிடந்தால் கூட்டவில்லை என்று அர்த்தமில்லை. அதற்குச் சிமெண்டு பூசி மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவர் இன்னும் கெடும். நல்ல பராமரிப்புக்காரர் திரும்பத் திரும்பச் சுண்ணாம்புதான் அடிப்பார். ஏசியின் வெளி யூனிட், ஜன்னல் கம்பி, கதவுக் கீல் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். தேக்குக் கதவு மழைக்காலத்தில் ஊதி இறுகும், தாழ்ப்பாளை ஒரு கையால் தூக்கிப்பிடித்துத்தான் போட வேண்டியிருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளக் கூடாதவை வேறு: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, மின்விசிறி மட்டுமா? குளிக்கிற தண்ணீர் உப்பா? கொசுவலை உண்டா? இவற்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

மாதம் பார்க்காமல் வருவது இன்னொன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தால் இந்தக் கரைப்பக்கம்தான் வரும். அந்த மாதங்களில் முன்பணம் திரும்பக் கிடைக்காத அறையை எடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். ஜனவரியிலிருந்து மார்ச் பாதிவரை அருமையான காலம். மே மாதம் பகலில் வெளியே கால் வைக்க முடியாது. மீன் சாப்பிடவே வருகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வைக்க வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்புறம் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி. அந்த நாட்களில் இந்தப் பக்கம் எங்கேயும் அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். சின்ன ஓட்டலில் சமையல்காரர் ஒருவர்தான் இருப்பார். இரவு ஒன்பதரைக்கு வந்து இறங்கி மெனுவைக் கேட்டால், இருப்பது முட்டைதோசைதான் என்பார். மீன் குழம்பும் இறால் வறுவலும் வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் படகு வந்ததும் போய் வாங்கி வந்து செய்வார், அப்போது அந்தச் சாப்பாட்டின் ருசியே தனி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். ஊருக்குள் உணவுக் கடைகள் குறைவு. அவசரத்துக்குப் பக்கத்திலுள்ள பொறையாறுதான்.

பார்க்கும் இடங்களுக்கும் நேரம் உண்டு. டேன்ஸ்போர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, உள்ளே அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் இரவு வந்து வெள்ளி மத்தியானம் கிளம்புகிற மாதிரித் திட்டம் போட்டால் கோட்டையை வெளியிலிருந்துதான் பார்ப்பீர்கள். 1701இல் கட்டிய சீயோன் தேவாலயமும், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயமும் இன்றும் ஆராதனை நடக்கிற ஆலயங்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பது புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான். ஞாயிறு காலையில் ஆராதனை நடுவே கேமராவோடு நுழைவது மரியாதை இல்லை. காத்திருந்து, கேட்டுவிட்டுப் பாருங்கள்.

சாயங்காலம் கடலுக்குள் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கடலோர அறை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இது கிழக்குக் கரை. உதயத்தைத்தான் கடலில் பார்க்க முடியும், அதற்கு ஆறு மணிக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் நடந்து போங்கள். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த கோயில். அதன் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. அரிப்பைத் தடுக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். செல்ஃபிக்காக அந்தக் கற்களில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். குளிக்கவும் இறங்க வேண்டாம். இந்தப் பக்கம் கடல் இழுப்பு பலமானது, காப்பாற்ற ஆள் நிற்பார்கள் என்று நம்பி இறங்கக் கூடாது. பிள்ளைகளோடு வந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

கரையில் வலை சீர் செய்துகொண்டிருக்கும் மீனவர்களைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள், இது எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அவர்கள். வருடாவருடம் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தத் தேதியை ஒட்டிக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் கரையில் பாட்டு, கூத்து என்று இறங்காமல் இருப்பது நல்லது.

வந்து சேர்வதைப் பற்றிச் சில விஷயங்கள். ஊருக்குள் ரயில் கிடையாது. மயிலாடுதுறை சுமார் 30 கிலோமீட்டர், காரைக்கால் 15. சென்னையிலிருந்து காரைக்காலுக்கு இரவு ரயில் உண்டு, அது விடிகாலையில் இறக்கிவிடும். ஓட்டலில் அறை கொடுப்பதோ மத்தியானம். முந்தைய நாள் அறை காலியாக இருந்தால் சின்ன ஓட்டல்காரர்கள் சீக்கிரமே திறந்துவிட்டுவிடுவார்கள், ஆனால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஐந்து மணிக்கு நின்று போன் அடித்தால் காவல்காரருக்கும் சங்கடம். செயலியில் வண்டி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். ஓட்டலிலேயே ஆட்டோவோ காரோ ஏற்பாடு செய்யச் சொல்லி, வாடகையையும் அப்போதே பேசிவிடுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்களோடு வருகிறீர்களா? அவர்கள் தங்குகிற விவரத்தை ஓட்டல்காரர் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத சின்ன விடுதிகள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிடும். கனடாவிலிருந்து வந்த பேரனுக்கு அறை இல்லை என்று ராத்திரியில் கேட்க வேண்டாம், முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு அடையாள அட்டை போதும். சொன்ன வாடகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, காலைச் சிற்றுண்டி உண்டா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்பதையும் அந்த ஒரே போனில் முடித்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, மது விலை அங்கே குறைவு. வாங்கிக்கொண்டு வந்து ஓட்டல் அறையில் வைத்துக் குடிக்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். நண்டலாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பிடித்தால் வழக்கு, வண்டியும் போகும். வாடகைக் கார் என்றால் ஓட்டுநரின் பிழைப்பும் அதோடு போய்விடும்.