பரங்கிக்காய் சீஸ்கேக்: நடு ஆடும்போதே ஓவனை அணையுங்கள்

நவம்பர் பாதி தாண்டினால் போதும், என் வாட்ஸ்அப்பில் பம்ப்கின் சீஸ்கேக் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். எல்லாம் ஏறக்குறைய ஒரே படம்தான். ஆரஞ்சு நிற வட்டம், அதன் நடுவில் குறுக்கே பிளந்த வெடிப்பு. கீழே ஒரு வரி: "அக்கா, செய்முறையில இருந்தபடியேதான் செஞ்சேன். ஏன் இப்படி?" நவம்பரின் நான்காவது வியாழன், அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்து நாள். அதற்குள் இன்னொன்று சுட நேரம் இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

நியூ ஜெர்சியில் எங்கள் வட்டத்து பாட்லக்குகளில் (ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து) வான்கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. இனிப்பு மேசைக்கு வராதவர்கள் கிடையாது. அதனால் இந்த கேக்குக்கு மவுசு அதிகம், சொதப்பலும் அதிகம். நானும் இதையெல்லாம் சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அதே தவறுகளை வருஷாவருஷம் புதுப்புது ஆட்கள் செய்வதைப் பார்க்கும்போது பொறுக்கவில்லை.

ஓவனை முன்கூட்டியே சூடாக்குங்கள், சர்க்கரையை அளந்து போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லப்போவதில்லை. கீழே சொல்வதெல்லாம் வழக்கமான அளவை மனதில் வைத்து: 9 அங்குல ஸ்பிரிங்ஃபார்ம் பான் (பக்கச்சுவர் தனியாகக் கழன்று வருவது), 8 அவுன்ஸ் க்ரீம் சீஸ் கட்டி 3, 15 அவுன்ஸ் டப்பா பரங்கி விழுது 1, முட்டை 3 அல்லது 4, ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட்.

தப்பான டப்பா

கடையில் ஒரே அலமாரியில், ஒரே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று வெறும் பரங்கி விழுது. இன்னொன்று 'பம்ப்கின் பை மிக்ஸ்'. அதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொருட்கள் பட்டியலில் பம்ப்கின் என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

விழுதை அப்படியே கொட்டுவது

பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். டப்பாவைத் திறந்து நேரே மாவில் கவிழ்த்தால் அத்தனை ஈரமும் கேக்குக்குள் போகும். அடியில் இருக்கும் பிஸ்கட் தளம் நமத்துப்போகும், நடுப்பகுதி கட்டவே கட்டாது. இரண்டு வழி இருக்கிறது. ஒரு தட்டில் பேப்பர் டவலை மூன்று நான்கு அடுக்காக விரித்து, விழுதை மெல்லிசாகப் பரப்பி, மேலேயும் டவல் போட்டு ஒற்றி எடுக்கலாம். இல்லையென்றால் அகலமான வாணலியில் போட்டுச் சுண்ட வைக்கலாம். கிளறும் கரண்டி போன தடம் மூடாமல் ஒரு நொடி நின்றால் போதும். நான் வாணலிக் கட்சி. ஈரம் போவதோடு பச்சை வாசனையும் போய்விடுகிறது. ஆனால் முழுக்க ஆறிய பிறகுதான் க்ரீம் சீஸோடு சேர்க்க வேண்டும்.

"டப்பா எதுக்கு, முழுசா ஒரு பம்ப்கின் வாங்கிச் செய்யலாமே" என்று கேட்பவர்களுக்கு: ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய ஆரஞ்சுக் காயைத் தொடாதீர்கள். நாரும் தண்ணீரும்தான் அதில் உண்டு, ருசி கிடையாது. டப்பாவில் வருவதும் அந்தக் காய் இல்லை. லிப்பிஸ் என்ற கம்பெனியின் டப்பாக்களுக்கான காய் இல்லினாய் மாநிலத்தில், மார்ட்டன் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் விளைகிறது. டிக்கின்சன் என்ற ரகம். தோல் வெளிறிய பழுப்பு, சதை நல்ல ஆரஞ்சு. இது 'குக்குர்பிட்டா மாஸ்கேட்டா' என்ற இனம். நம்மூர்ப் பரங்கிக்காயும் பெரும்பாலும் அதே இனம்தான். ஆக, இந்தியன் ஸ்டோரில் கீற்றாக வெட்டி வைத்திருக்கும் பரங்கி, ஹாலோவீன் காயைவிட எவ்வளவோ மேல்.

என் நாத்தனார் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன வருஷம் அங்கே டப்பா கிடைக்காமல் அவளே விழுது தயார் செய்தாள். கேக் கட்டவில்லை என்று போன் வந்தது. "என்ன பண்ணினே?" என்றேன். "அரசாணிக்காயைக் குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டேன் அண்ணி." (அங்கே பரங்கிக்கு அரசாணி என்று பெயர்.) தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டால், "ஊத்தாம எப்படி?" என்கிறாள். ஏற்கெனவே தண்ணீராக இருக்கும் காயைத் தண்ணீரிலேயே வேகவைத்தால் கூட்டுக்கு நன்றாக இருக்கும். கேக்குக்கு, பெரிய துண்டுகளாக்கி விதையை நீக்கி, தோலோடு 400 டிகிரி ஓவனில் (செல்சியஸில் 200) கத்தி இறங்கும் பதம் வரை சுட வேண்டும். சதையைச் சுரண்டி எடுத்து அரைத்து, துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். வடியும் தண்ணீரைப் பார்த்தால் நீங்களே பயந்துபோவீர்கள்.

ஜில்லென்ற க்ரீம் சீஸ்

கட்டி கட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. முட்டை போட்ட பிறகு வெள்ளைக் கட்டிகளைப் பார்த்துப் பயனில்லை. வெளியே எடுத்து வைத்து, விரல் அழுத்தினால் பள்ளம் விழும் பதம் வந்த பிறகு தொடங்குங்கள். கட்டியாக விற்பதுதான் வேண்டும். ரொட்டியில் தடவ டப்பில் வரும் மிருதுவான வகை வேண்டாம்.

முட்டையை நுரைக்க அடிப்பது

ஸ்பாஞ்ச் கேக் செய்து பழகிய கை இது. சீஸ்கேக்கில் காற்று வேண்டாம். காற்று ஏறிய மாவு ஓவனில் உப்பி எழும், வெளியே வந்ததும் அமுங்கி வெடிக்கும். முட்டையைக் கடைசியில், ஒவ்வொன்றாக, குறைந்த வேகத்தில். மஞ்சள் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள்.

நடுப்பகுதி கெட்டியாகும் வரை சுடுவது

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். மற்ற தவறுகளைச் செய்தால் ஒரு கேக் சுமாராக வரும். இதைச் செய்தால் மூன்று கட்டி க்ரீம் சீஸும் ஒரு முழுச் சாயங்காலமும் போச்சு.

போன வருஷம் ஒரு தோழி வீட்டில் கூட இருந்து செய்யச் சொன்னாள். எல்லாம் ஒழுங்காகப் போனது. நேரம் ஆனதும் ஓவன் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஓரம் கட்டியிருந்தது, நடு மட்டும் அசைந்தது. "அணைச்சிடு" என்றேன். அவள் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நடுவுல தளதளன்னு ஆடுதே, பச்சையா இருக்கு. இன்னும் ஒரு பதினஞ்சு நிமிஷம் வைக்கலாம்" என்றார். அது முடிந்ததும் ஒரு குச்சியை எடுத்து நடுவில் குத்தினார். ஈரம் ஒட்டியது. இன்னும் ஒரு பத்து நிமிஷம். குச்சி சுத்தமாக வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு வயிறு எரிந்தது. அவர் வீடு, அவர் ஓவன், என்ன சொல்ல முடியும்?

மறுநாள் அந்தக் கேக்கை வெட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஓரம் பானைவிட்டுச் சுருங்கி விலகியிருந்தது. மேல் தோல் மங்கி, தடித்துப்போயிருந்தது. குச்சி குத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் வெடிப்பு ஓடியிருந்தது. துண்டு எடுத்த இடத்தில் சிறிது நேரத்தில் தண்ணீர் துளித்துளியாகக் கசிந்தது. வாயில் போட்டால் பொரபொரவென்று இருந்தது. "க்ரீம் சீஸ் பழசா இருந்திருக்கும்" என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

குச்சி, மைதா மாவில் செய்யும் கேக்குக்கு. சீஸ்கேக்கில் மைதா என்று பெரிதாக எதுவும் கிடையாது. முட்டையும் பாலும் சூட்டில் உறைவதால்தான் அது நிற்கிறது. செய்முறைப்படி பார்த்தால் அது கஸ்டர்ட் வகை. அந்த முட்டைப் புரதம் ஓரளவு சூடு வரைக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நடுப்பகுதி 150 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 65 செல்சியஸ் தொட்டால் வேலை முடிந்தது. 160ஐத் தாண்டினால் புரதம் இறுகி, பிடித்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். பொரபொரப்பும் கசிவும் வருவது அதனால். குச்சி சுத்தமாக வரும் நேரத்தில் நீங்கள் அந்த எல்லையைக் கடந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

"அப்போ நடுப்பகுதி எப்போதான் கெட்டியாகும்?" ஃபிரிட்ஜில். க்ரீம் சீஸின் கொழுப்பு குளிரில்தான் இறுகும். தவிர, ஓவனை அணைத்த பிறகும் கேக்கின் ஓரத்துச் சூடு நடுவை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஓவனுக்குள்ளேயே கெட்டியாகக் காட்டும் கேக், ஆறி முடிப்பதற்குள் இன்னும் வெந்து தொலையும்.

அதிலும் பரங்கி சேர்ந்தால் இரண்டு வகையில் ஏமாற்றும். ஒன்று, அதிக ஈரம். சாதாரண சீஸ்கேக்கைவிட நடு அதிக நேரம் ஆடும், பார்ப்பவருக்குப் பதற்றம் கூடும். இரண்டு, நிறம். வெள்ளை சீஸ்கேக் அதிகமாக வெந்தால் ஓரம் பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும். பரங்கி கேக் முதலிலிருந்தே அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

என்ன பார்க்க வேண்டும்? பானின் பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். ஓரத்திலிருந்து இரண்டு, இரண்டரை அங்குலம் வரை அசையாமல், கொஞ்சம் உப்பலாக நிற்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு, உறை பிடித்து முடியும் தறுவாயில் இருக்கும் தயிர்ச் சட்டியைத் தட்டினால் மொத்தமாக ஒருமுறை குலுங்குமே, அப்படிக் குலுங்க வேண்டும். அலை அலையாக ஓடினால் இன்னும் ஆகவில்லை. கண்ணை நம்ப முடியாதவர்கள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். நடுவில் ஒரே ஒருமுறை குத்தினால் போதும். துளையை விப்ட் க்ரீம் மறைக்கும்.

செய்முறையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு அவர்கள் ஓவனுக்கும் அவர்கள் பானுக்கும் உரியது. கறுப்பு பான் சீக்கிரம் வேகும், குளிர்ந்த மாவு தாமதமாகும். சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பார்க்க ஆரம்பியுங்கள், முதலில் கதவைத் திறக்காமல்; ஓரம் கட்டியது தெரிந்த பிறகு திறந்து தட்டிப் பாருங்கள்.

அணைத்த பிறகு, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்ததும் மெல்லிய கத்தியால் ஓரத்தைச் சுற்றிப் பானிலிருந்து விடுவியுங்கள். ஆறும்போது கேக் சுருங்கும். ஓரம் பானில் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில்தான் கிழியும்.

வெடிப்பை சவர் க்ரீம் போட்டு மூடிவிடலாம் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மூடலாம். பதமாக வெந்த கேக்கும் சில சமயம் ஆறும்போது வெடிக்கும், அதற்கு மூடுவது சரி. அதிகமாக வெந்ததற்கு மேலே எதைப் பூசினாலும் உள்ளே பொரபொரப்பு அப்படியேதான் இருக்கும்.

ஒழுகும் வாட்டர் பாத்

கேக் பானைக் கொதிநீர்த் தட்டில் இறக்கி வைத்தால் ஓரம் மெதுவாக வேகும், நல்லதுதான். ஆனால் ஸ்பிரிங்ஃபார்ம் பான் ஒழுகும். அலுமினியம் ஃபாயில் சுற்றினாலும் மடிப்பு வழியாகத் தண்ணீர் நுழையும். ஒரு சுற்றுப் பெரிய கேக் பானுக்குள் வைத்து, அந்தப் பானைத் தண்ணீரில் வையுங்கள். நான் அதுவும் செய்வதில்லை. கீழ்த்தட்டில் ஒரு ட்ரே நிறையக் கொதிநீர், மேல்தட்டில் கேக். இது போதும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வாட்டர் பாத்தில் வைத்தாலும் அதிக நேரம் சுட்டால் கெடத்தான் செய்யும்.

கிராம்புத் தூள்

அரைத் தேக்கரண்டிக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

பட்டை முன்னால் நிற்க வேண்டும், சுக்கு அதற்கடுத்து, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. ஏலக்காய் போடலாமா என்றால், போடலாம். ஆனால் பரங்கிக்காய் அல்வா வாசம்தான் வரும். எனக்கு அது பிடிக்கும், என் பிள்ளைகளுக்குப் பிடிக்காது.

சூட்டோடு மூடுவது

மூடியில் வேர்க்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கேக்கின் மேல் விழும். முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடுங்கள்.

அன்றைக்கே வெட்டுவது

புதன் ராத்திரிக்குள் ஃபிரிட்ஜுக்குள் போகாத கேக்கை வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கராஜில் வைப்பது

தேங்க்ஸ்கிவிங் அன்று ஃபிரிட்ஜில் இடம் இருக்காது, தெரியும். "வெளியே குளிர்தானே" என்று கராஜில் வைக்கிறார்கள். இங்கே நவம்பர் பகலில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். முட்டையும் பாலும் சேர்ந்த பண்டம் 40 டிகிரிக்குக் கீழேதான் இருக்க வேண்டும்; சாப்பாட்டு மேசையிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோக் பாட்டில்களைக் கராஜுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் கேக்கை வையுங்கள்.

முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே செய்வது

மாமியார் முட்டை சாப்பிட மாட்டார் என்று இப்படிச் செய்து பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். மேலே சொன்ன எல்லாமே முட்டை உறைவதை நம்பி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வேறு ஏதாவது பிடித்து நிறுத்த வேண்டும். கண்டென்ஸ்ட் மில்க்கும் சோளமாவும் வைத்துச் செய்யும் தனிச் செய்முறைகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓவனே வேண்டாம், ஃபிரிட்ஜில் உறைய வைக்கிறேன் என்றால் ஜெலட்டினைக் கவனியுங்கள். அது விலங்கிலிருந்து வருவது. முட்டையைத் தவிர்த்துவிட்டு ஜெலட்டின் போட்டு மாமியாருக்குக் கொடுத்தால் வம்புதான். அகர் அகர், அதாவது கடற்பாசி, வாங்குங்கள். அதைக் கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும், வெறும் வெந்நீரில் கலக்கினால் கரையாது. கரைத்ததைக் குளிர்ந்த க்ரீம் சீஸில் ஊற்றினால் அந்த நொடியே திரித்திரியாக உறைந்துவிடும், ஆகவே க்ரீம் சீஸும் பரங்கி விழுதும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்து, உடனே பானில் ஊற்றிவிடுங்கள்.